வெந்நீர் சப்ரியேயின் கடுகுப் பீப்பாய்

தாஷ்லிபினார் கிராமத்துக்கு வந்து சப்ரியே வீடு எது என்று கேட்டால், "எந்தச் சப்ரியே?" என்று திருப்பிக் கேட்பார்கள். வெந்நீர் சப்ரியே என்று சொல்லிப் பாருங்கள், வாத்து மேய்க்கிற பிள்ளைகூடக் கைகாட்டிவிடும்.

கிர்க்லரேலி நகரத்து ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் பாத்திரம் கழுவப் போனவள் அவள். போன இடத்திலேயே கழுவுகிறவர்களுக்கெல்லாம் மேலாளாகி, கொத்துச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு திரும்பியவள். அவள் இருந்த காலத்தில் அந்தச் சமையல்கட்டிலிருந்து போன ஒரு தட்டைப் பற்றியும் ஒரு நோயாளியும் குறை சொன்னதில்லை. அதை அவளே சொல்லிக்கொள்வாள், கூச்சப்படாமல். ஏன் கூச்சப்பட வேண்டும்? செய்தவள் சொல்கிறாள்.

அவள் வீட்டில் வெந்நீர் படாத பொருள் கிடையாது. வெண்ணெய்ச் சட்டி, பால் வடிகட்டுகிற துணி, கரண்டி, கதவுப் பிடி எல்லாமே வாரம் தவறாமல் குளிக்கும். "அசந்து தூங்கினா என்னையும் ஊற வெச்சிடுவா" என்று கணவன் ரெம்ஸி காப்பிக்கடையில் சொல்லிச் சிரிப்பான். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், செருப்பை வாசலில் விட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைவான்.

இந்த வெந்நீர்ப் பித்து அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ரெம்ஸியின் அக்கா முர்வெத் வீட்டில் மகனுக்குச் சுன்னத்து விருந்து. கொப்பரையில் ஆட்டுக்கறிச் சோறு முந்தின நாளே ஆக்கி மூடி வைத்திருந்தார்கள். நல்ல வெயில் காலம். சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார்கள். கட்டில் போதவில்லை. சப்ரியேயின் மகள் யெலிஸ் அப்போது நடை பழகுகிற குழந்தை; அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் தாதி தவித்ததைச் சப்ரியே வாளியும் கையுமாக நின்று பார்த்தாள். யாரும் சாகவில்லை. ஆனால் டாக்டர் போகிற போக்கில் சொன்ன ஒரு சொல் அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது: "நல்லாக் கொதிக்க வெச்சிருந்தா இவ்வளவும் வந்திருக்காது."

அன்றிலிருந்துதான் வெந்நீர்.

அந்த விருந்து யார் வீட்டில் நடந்தது என்று அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட வாய்திறந்து சொன்னதில்லை. முர்வெத்தோடு எத்தனையோ சண்டை வந்தும் சொன்னதில்லை.

சண்டைக்கு என்ன பஞ்சம்? நாத்தனாரும் அவளும் வருஷா வருஷம் சேர்ந்துதான் கடுகுச் சாறு போடுவார்கள். ஊரில் எல்லார் வீட்டிலும் போடுவதுதான். ஹர்தாலியே என்று அதன் பெயரிலேயே கடுகு இருக்கிறது. கறுப்புத் திராட்சையைப் பீப்பாயில் அடுக்கடுக்காகக் கொட்டி, நடுநடுவே இடித்த கடுகும் புளிப்புச் செர்ரி இலையும் பரப்பி, மேலே கல்லை வைத்து அமுக்க வேண்டும். தினம் காலையில் அடியிலிருக்கும் குழாய்த் திருகைத் திறந்து சாற்றைப் பிடித்து மறுபடி மேலே ஊற்ற வேண்டும். கடுகில்லாமல் விட்டால் சாறு பொங்கி நுரைத்துச் சாராயமாகிவிடும். கடுகின் நெடி நிற்கிறவரைக்கும் புளித்தும் போகாது, பூஞ்சையும் பிடிக்காது. பனிக்காலம் முழுக்கத் திராட்சை திராட்சையாகவே இருக்கும். இமாமும் குடிப்பார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் குடிக்கும்.

இந்த வேலையில் பீப்பாய்க்கு வெந்நீர் ஊற்றிக் கழுவுவதும், இலை பறிப்பதும், அடுக்குவதும் சப்ரியே பங்கு. கடுகு இடிப்பது முர்வெத் பங்கு. உரலை யாருக்கும் விடமாட்டாள்.

அப்படியே போயிருக்கும். யெலிஸ் நிச்சயதார்த்தத்தில்தான் வினை வந்தது.

யெலிஸ் அந்த ஊரின் முதல் எஞ்சினியர். உணவுப் பொறியியல் படித்து, தெகிர்தா நகரத்தில் ஊறுகாய்த் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் வேலை. கூட வேலை பார்க்கிற தல்ஹாவைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். பையன் தங்கம். பையனின் தகப்பனார் ஹம்துல்லா, கோன்யாவில் மோதினாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து வேளையும் பாங்கு சொல்லிப் பழகிய குரல், ஒரு துளி மது வாசனை பட்ட குவளையைக்கூடத் தொடாத கை. தாஷ்லிபினாரில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கூட்டிப்போக மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்றதும், பெண்ணின் தாய் தன் பீப்பாயிலிருந்து முதல் குவளையைச் சம்பந்தி கையில் கொடுக்க வேண்டும். அவர் குடித்த பிறகுதான் கதவு திறக்கும்.

நிச்சயதார்த்தத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஹம்துல்லா மெதுவாகக் கேட்டார், "சாராயம் ஆகாதில்லையா அது?"

முர்வெத் முந்திக்கொண்டாள். "கவலையே படாதீங்க சம்பந்தி. நான் இடிச்ச கடுகு. ஆகவே ஆகாது. எங்க சப்ரியேக்கு வெந்நீர் மட்டும்தான் காய்ச்சத் தெரியும்."

கூடமே சிரித்தது. மோதினாரும் தாடிக்குள் சிரித்தார். சப்ரியேயும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் ரெம்ஸியிடம் சொன்னாள்: "நாளைக்கே எனக்கு ஒரு பீப்பாய் வாங்குங்க. என் பொண்ணுக்கு என் வாசல்ல என் பீப்பாய்தான்."

"கடுகு?"

"நம்ம தோட்டத்துல விளைஞ்சது இருக்கில்ல?"

"இடிக்கிறது?"

"எனக்குக் கையில்லையா?"

ரெம்ஸி பீப்பாய் வாங்கி வந்தான். திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் விளைந்த கடுகை வாசலில் விரித்து அடித்துத் தூற்றிக் கொடுத்தான். நல்ல கறுங்கடுகு. அது பாயில் கிடந்தபோது கோழிகள் அதன்மேல் நடந்தன. நடந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

சப்ரியே பார்த்துவிட்டாள்.

"ஐயோ, என் பொண்ணு கல்யாணத்துக்கு வெச்ச கடுகு!"

"ஊதிவிட்டா போச்சு புள்ள."

"ஊதறதாவது! நான் பார்த்துக்கறேன், நீங்க தள்ளுங்க."

பெரிய தவலையில் வெந்நீர் கொதித்தது. கடுகு முழுக்க அதில் இறங்கியது. அடுத்த வருஷ விதைக்கென்றுகூட ஒரு பிடி ஒதுக்கவில்லை. அரித்து வடித்து, வெள்ளைத் துணியில் வெயிலில் காயவைத்தாள். மணி மணியாக மின்னியது. சொந்த உரலில், சொந்தக் கையால், தண்ணீர் தெளித்துத் தெளித்து இடித்தாள்.

ரெம்ஸி தின்ன எடுத்த ரொட்டியோடு பக்கத்தில் நின்று கவனித்தான். "என்னடி இது? எங்க அக்கா இடிச்சா தெருவே தும்மும். நீ இடிக்கிற, கோழிகூடத் தும்மல."

"அழுக்கு போயிடுச்சில்ல, அதான் கண்ணு எரியல" என்றாள் சப்ரியே. அதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

பீப்பாய் நிறைந்தது. கல் ஏறியது. முதல் நாட்களில் சாறு மாணிக்கம் போல வந்தது. பிடித்துப் பிடித்து மேலே ஊற்றினாள். ஒரு காலையில் மூடியைத் திறந்தபோது உள்ளேயிருந்து மெல்லச் சீறுகிற சத்தம். குனிந்து பார்த்தாள். கல்லைச் சுற்றி இளஞ்சிவப்பு நுரை வளையம் கட்டியிருந்தது. மூக்கை உள்ளே விட்டு நன்றாக இழுத்தாள். திராட்சை வாசனை வந்தது. செர்ரி இலை வாசனை வந்தது. மூக்கின் உச்சியில் ஏறி மண்டையைத் தட்ட வேண்டிய அது மட்டும் வரவில்லை.

ரெம்ஸி ஒரு அகப்பை மொண்டு குடித்தான். முகம் மலர்ந்தது. "நல்லா வருது புள்ள! இன்னும் கொஞ்சம் விட்டா பாட்டே வரும்."

"வாயை மூடுங்க."

"ராக்கிச் சாராயத்துக்குக் காசு மிச்சம்னு சொல்ல வந்தேன்."

"மோதினார் குடிக்கிறதுங்க இது!"

ரெம்ஸியின் சிரிப்பு நின்றது. அவனும் சம்பந்திதானே. கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். வாசலில் சாராயத்தை நீட்டினால் அந்தப் பெண் ஆயுசுக்கும் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து இருப்பாள்? நீட்டாமல் முர்வெத் பீப்பாயைத் திறந்தால் சப்ரியே இந்த ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து இருப்பாள்?

சப்ரியே மகளுக்குப் போன் போட்டாள்.

"சாறு நுரைக்குதுடி."

"நெடி இருக்காம்மா?"

"இல்ல."

"இடிக்கும்போது மூக்குல ஏறுச்சா?"

"இல்ல. சுத்தமா இருந்துச்சு."

"சுத்தமா இருந்துச்சா... அம்மா, கடுகை என்ன பண்ணுன?"

"குளிப்பாட்டுனேன்."

"எதுல?"

"நான் எதுலடி குளிப்பாட்டுவேன்?"

யெலிஸ் சிரிக்கவில்லை. அதுதான் அந்தப் பெண். "அம்மா, நான் சொல்றதைக் கேளு. கடுகுக்குள்ள ரெண்டு சரக்கு இருக்கு. பக்கத்துப் பக்கத்து அறையில, நடுவுல சுவர். முழுக்கடுகா இருக்கிறவரைக்கும் ஒண்ணையொண்ணு பார்க்காது. அதான் முழுக் கடுகை மோந்தா ஒண்ணும் வராது. இடிச்சா சுவர் உடையும், ஈரம் பட்டா ரெண்டும் சேரும். சேர்ந்தாத்தான் அந்த நெடி பிறக்கும். கிருமியை அடக்கறதும், சாறு பொங்காம பிடிச்சு வைக்கிறதும் அந்த நெடிதான். வெந்நீர் பட்டதும் ரெண்டுல ஒண்ணு செத்துப்போச்சு."

"நான் கொன்னுட்டேனா?"

"தெரியாமதானேம்மா."

சப்ரியே பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிருமியைக் கொல்லக் கொதிக்க வைத்தவள், கிருமியைக் கொல்கிறதையே கொன்றுவிட்டாள். ஆனால் அழுதுகொண்டு நிற்கிற ஜாதியில்லை அவள். சமையல்கட்டில் பெரிய அடுப்பு நின்றுபோனால் முதலில் எது நின்றது என்றுதான் பார்ப்பாள்.

"ரெண்டுல ஒண்ணுதானே செத்துச்சு? மத்தது?"

"மத்தது இருக்கும். தூங்கிட்டிருக்கும். எழுப்பிவிடறதுதான் போயிடுச்சு."

"அப்ப கேஸ் இருக்கு. தீக்குச்சிதான் இல்ல."

"அதேதான்மா!"

"நல்ல கடுகு கொஞ்சம் இடிச்சு ஊத்துனா, அதுல இருக்கிற தீக்குச்சி இந்தக் கேஸையும் பத்த வைக்குமா, இல்ல அதோட கேஸை மட்டும்தானா?"

யெலிஸ் மூச்சை இழுத்துக்கொண்டது போனில் கேட்டது. "அம்மா... பத்த வைக்கும். நிச்சயமாப் பத்த வைக்கும். பாதிக் கடுகைக் காரம் எடுத்து, பாதியைப் பச்சையாச் சேர்த்து அரைக்கிற தொழிற்சாலைங்க இருக்கு. பச்சை சேர்ந்ததும் எல்லாமே காரம் ஏறும். எனக்கே இது தோணல."

"தோணலேன்னா என்னடி, நீ சொன்னதுனாலதான் எனக்குத் தோணுச்சு. எவ்வளவு வேணும்?"

"ரொம்ப வேண்டாம். ஒரு பிடி போதும்னு நினைக்கிறேன். ஆனா பச்சையா இருக்கணும். கறுங்கடுகா இருக்கணும். இன்னிக்கே போடணும், பொங்க ஆரம்பிச்சாச்சு. இன்னொண்ணும்மா, எல்லாம் அடங்கின பிறகு ஒரு பாட்டில் பிடிச்சு அனுப்பு. நான் அளந்து பார்க்கறேன். மாமாவுக்கு நாம கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்க வேண்டாம்."

"அளந்து பார்த்து சாராயம்னா ஒரு சொட்டு அவர் வாயில படாது. காடிச் சட்டியில ஊத்திட்டு உங்க அத்தை பீப்பாயைத் திறப்பேன்" என்றாள் சப்ரியே.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டவுனில் மசாலாக் கடை சாத்தியிருக்கும். திறந்திருந்தாலும் அவன் விற்பது நாக்கில் உறைக்கிற மஞ்சள் கடுகு, மூக்குக்கு எட்டாது. தோட்டத்துக் கடுகைத்தான் அவள் மொத்தமாகக் குளிப்பாட்டியாயிற்றே. ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே இடித்துப் போட்டுவிட்டார்கள். விதைக்கென்று ஒவ்வொரு வருஷமும் தவறாமல் ஒதுக்கி வைக்கிற கை ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

முர்வெத் வாசலில் உட்கார்ந்து சிவப்பு மிளகாயை ஊசியில் கோத்துச் சரமாக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "வா வெந்நீர் ராணி. வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"மதினி, கொஞ்சம் கடுகு வேணும்."

"எதுக்கு? உன் வீட்டுல மூட்டை நிறைய இருந்துச்சே."

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. எலி தின்றுவிட்டது என்று சொல்லலாம். கொட்டிவிட்டது என்று சொல்லலாம். சப்ரியே நேராக நின்று சொன்னாள்: "குளிப்பாட்டிட்டேன் மதினி. வெந்நீர்ல. காரம் செத்துப்போச்சு. சாறு நுரைக்குது."

முர்வெத்தின் கை நின்றது. பிறகு அவள் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்; மிளகாய்ச் சரம் மடியிலிருந்து வழுகி மண்ணில் விழுந்தது. "கடுகை! அடிப்பாவி, கடுகையா! கடுகுதாண்டி ஊரையே குளிப்பாட்டும், அதை நீ குளிப்பாட்டுனியா? எதுக்குடி?"

"கோழி எச்சம் போட்டிடுச்சு."

"போட்டா என்ன? கோழி நடந்த கடுகால மனுஷன் செத்ததா எங்கேயாவது கேட்டிருக்கியா?"

"அன்னிக்கு வராந்தாவுல நான் பார்த்தது..." என்று ஆரம்பித்த சப்ரியே வாயை இறுக மூடிக்கொண்டாள். இத்தனை வருஷம் உள்ளேயே வைத்திருந்தது பல்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. "விடுங்க மதினி. ஒரு பிடி இருந்தா கொடுங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க."

முர்வெத் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மண்ணில் விழுந்த சரத்தை எடுத்து ஒவ்வொரு மிளகாயாகத் துடைத்தாள். துடைக்கத் தேவையில்லாததையும் துடைத்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் சின்னத் துணிப்பை, இடுப்பில் கல்லுரல்.

"விதைக்கு வெச்சது. இவ்வளவுதான் இருக்கு. ஒரு பிடிக்குக்கூடக் கொஞ்சம் குறைச்சல். அந்தப் பெரிய பீப்பாய்க்கு இது எந்த மூலைக்கு?"

"போதும்னு உங்க மருமக சொல்றா."

"எஞ்சினியர் சொன்னா சரி." துணிப்பையை சப்ரியே கைக்குக் கொடுக்காமல் இழுத்துக்கொண்டாள். "நடடி. நானே வந்து இடிக்கறேன். உன் கையில கொடுத்தா இதையும் குளிப்பாட்டிடுவ."

இரண்டு பேரும் தெருவில் சேர்ந்து நடந்ததைக் காப்பிக்கடையே எட்டிப் பார்த்தது.

சப்ரியே வீட்டு முற்றத்தில் உரல் இறங்கியது. முர்வெத் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தெளித்து இடித்தாள். நாலு குத்துக்கே நெடி கிளம்பிவிட்டது. ரெம்ஸி தும்மினான். கோழிகள் வேலிக்கு அப்பால் போய் நின்றன. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள். சப்ரியேக்கு மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுகின. துடைத்துக்கொண்டே திருகைத் திறந்து சாற்றைப் பிடித்தாள். முர்வெத் இடித்த விழுதை அதில் கரைத்தாள். இருவருமாகத் தூக்கி மேலே ஊற்றினார்கள். பிடித்தார்கள், ஊற்றினார்கள். சாறு அடுக்கடுக்காக இறங்கி, தூங்கிக்கொண்டிருந்த கடுகையெல்லாம் நனைத்துக்கொண்டு போயிற்று.

"ஒண்ணு சொல்றேன்" என்றாள் முர்வெத், கையைக் கழுவிக்கொண்டே. "இது எழும்பலேன்னா என் பீப்பாய் இருக்கு. வாசல்ல அதைத் திறப்போம். நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சரி மதினி."

"எழும்புனா..." முர்வெத் முடிக்கவில்லை. உரலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை சப்ரியே மூடியைத் திறந்தாள். நுரை வளையம் இன்னும் இருந்தது, ஆனால் அகலவில்லை. மோந்தாள். மூக்கில் ஏதோ லேசாக உரசியது. ஆசையினால் தோன்றுகிறதோ என்று அவளுக்கே சந்தேகம். மறுபடி பிடித்து ஊற்றினாள். அதற்கும் மறுநாள் சீறல் சத்தம் இல்லை. மூடியைத் திறந்து குனிந்தவள் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். நெடி மூக்குக்குள் புகுந்து மண்டை உச்சியைத் தட்டிவிட்டு, கண் வழியாக வெளியே வந்தது. ஒரு பிடிக்கும் குறைவான கடுகில் அவ்வளவு காரம் கிடையாது. மூட்டைக் கடுகும் விழித்துக்கொண்டுவிட்டது.

"ஏங்க! இங்க வாங்க! மோந்து பாருங்க!"

ரெம்ஸி மோந்து பார்த்து நாலு தும்மல் தும்மினான். அவனுக்கு உள்ளூர ஒரு சின்ன வருத்தம் இருந்தது, அதைச் சொல்லவில்லை. "போச்சு என் பாட்டு" என்று மட்டும் முனகினான்.

சாறு தெளிந்து ஊறி நின்றதும் பாட்டிலில் அடைத்து பஸ்ஸில் தெகிர்தாவுக்கு அனுப்பினாள். யெலிஸ் தன் சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்து, ஒரு தடவை போதாது என்று மறுபடியும் அளந்து பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "வெறும் திராட்சைச் சாறும்மா. பேருக்குக்கூட ஒண்ணும் ஏறல. நுரை தலைகாட்டின உடனே பிடிச்சுட்ட."

"நான் மட்டுமா பிடிச்சேன்" என்றாள் சப்ரியே.

கல்யாண நாளில் மேளமும் நாயனமும் தெருமுனையிலேயே முழங்க ஆரம்பித்துவிட்டன. கோன்யாவிலிருந்து வந்த வண்டிகள் வாதுமை மரத்தடியில் நின்றன. ஹம்துல்லா வெள்ளைத் தொப்பியும் இஸ்திரி போட்ட கோட்டுமாக இறங்கி வாசலுக்கு வந்தார். ஊரே திரண்டிருந்தது. மூடிய கதவுக்கு முன்னால் சப்ரியே குவளையோடு நின்றாள். குவளைக்கு அன்று காலை மூன்று வெந்நீர் ஆகியிருந்தது. கதவுக்குப் பின்னால் மணப்பெண் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். முர்வெத் கொஞ்சம் தள்ளி, மார்பில் கை கட்டிக்கொண்டு நின்றாள்.

மோதினார் குவளையை வாங்கினார். கறுஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே தயங்கினார். கேட்கவும் முடியாமல், குடிக்கவும் முடியாமல் அந்த நல்ல மனுஷர் நின்றது சப்ரியேக்குத் தெரிந்தது.

"கூச்சப்படாதீங்க சம்பந்தி" என்றாள். "உங்க மருமக அளந்து பார்த்திருக்கா. நான் மோந்து பார்த்திருக்கேன். திராட்சையைத் தவிர இதுல ஒண்ணும் இல்ல."

"பிஸ்மில்லா" என்று சொல்லிக் குடித்தார். பாதிக் குவளையில் நின்றார். மூக்கைச் சுருக்கினார். கண் இரண்டும் நிறைந்து, தாடியில் ஒரு சொட்டு இறங்கியது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, குவளையைத் திருப்பி நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குமா, சம்பந்தியம்மா?"

மேளக்காரன் கோலால் ஒரு போடு போட்டான். பெண்கள் குலவையிட்டார்கள். கதவு திறந்தது.

"யார் போட்டது இது?" என்று கேட்டார் ஹம்துல்லா, இரண்டாவது குவளையோடு. "அன்னிக்கு இந்தம்மா தன்னோட கடுகுன்னு சொன்னாங்களே."

எல்லார் கண்ணும் முர்வெத்திடம் போயிற்று. சப்ரியே, "பீப்பாய் என்னுது. உயிர் கொடுத்த கடுகு எங்க மதினியோடது" என்றாள்.

முர்வெத் கையை அவிழ்த்தாள். "அவ சொல்றதைக் கேக்காதீங்க. ஒரு பிடி கடுகு கொடுத்தேன், அவ்வளவுதான். அதை வெச்சு ஒரு பீப்பாயை எழுப்பலாம்னு கண்டுபிடிச்சது இவளும் இவ பெத்ததும். உங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு சாதாரணப் பொண்ணில்ல சம்பந்தி, வெந்நீர் சப்ரியே பொண்ணு." அந்தப் பட்டப் பெயரை ஊர் அத்தனை வருஷம் சொல்லியிருக்கிறது, அன்றைக்கு அவள் சொன்ன மாதிரி யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றவளின் இடுப்பில் இடித்தாள். "வரப்போற வருஷம் விதைக்கு உன்கிட்ட ஒரு மணிகூட இல்ல, தெரியுமில்ல? என்கிட்டயும் இல்ல."

"பீர்க்கு மாதிரி வேலியோரத்துல தானா முளைச்சது இருக்கும் மதினி. தேடுவோம்."

"தேடுவோம். நீ வெந்நீர்த் தவலையை வீட்டுல வெச்சுட்டு வா."

சாயங்காலம் வண்டிகள் கிளம்புகிற நேரம். யெலிஸ் சிவப்பு நாடாவும் முகத்திரையுமாக முன் வண்டியில் ஏறிவிட்டாள். ஹம்துல்லா ஒரு வெள்ளை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சப்ரியேயிடம் வந்தார்; கேட்கச் சங்கோஜம்.

"எங்க வீட்டுக்காரம்மாவுக்கு உடம்பு சரியில்ல, வர முடியல. அவங்களுக்குக் கொஞ்சம்... ஆனா கோன்யா ரொம்பத் தூரம். வண்டிக்குள்ள சூடு. போறதுக்குள்ள கெட்டுப்போயிடுமோ?"

சப்ரியே திருகைத் திறந்து டப்பா வழிய வழியப் பிடித்தாள். வழக்கம்போல அந்த டப்பாவையும் முதலில் வெந்நீரில் அலசியிருந்தாள், அதை விடமுடியுமா? மூடியை இறுகத் திருகி, இரண்டு கையாலும் தூக்கி அவரிடம் கொடுத்தாள்.

"கெடாது" என்றாள்.

கொதிக்க வைக்காத ஒரு பொருளைப் பார்த்து அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.